ஷண்ட் வைத்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்

இருதயக் குறையால் நீலம் பாய்ந்து பிறந்த பிள்ளையின் நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் ஷண்ட், பெரும்பாலும் 3.5 மி.மீ. அகலமுள்ள கோர்டெக்ஸ் குழாய். கிருமி அதில் ஒட்டிவிட்டால் தன்னைச் சுற்றிப் படலம் கட்டிக்கொள்ளும். மருந்து உள்ளே இலகுவில் ஊடுருவாது. ஆகவே தடிமன் காய்ச்சல்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

38 பாகை செல்சியஸைத் தொட்டால் அன்றே, இரவென்றாலும், வைத்தியசாலைக்குப் போங்கள். சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமலும் தொற்று வரும். பால் இழுக்கும்போது நெற்றி வியர்ப்பது, பாதியில் களைத்து விடுவது, மூன்று நாளில் 20 கிராம்கூட எடை ஏறாதது, தையல் போட்ட இடம் சிவந்து கசிவது எல்லாமே அதே அவசரம்தான்.

இதில்தான் பலர் பிழை விடுகிறார்கள்: வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் பாணியைக் கொடுத்துவிட்டு வருவார்கள். பிறகு பிளட் கல்ச்சரில் (இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது. முதலில் கல்ச்சர், பிறகு அன்டிபயோடிக். வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று தடவை ஊசி குத்தி இரத்தம் எடுப்பார்கள்; பிள்ளை அழுதாலும் தடுக்காதீர்கள். பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு வந்தாலும் வேறிடம் போனாலும் நோய்நிர்ணய அட்டையைக் காட்டி, "ஷண்ட் பிள்ளை" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஷண்ட் போட்ட பக்கக் கையில் ஒட்சிசன் அளவும் பிரஷரும் குறைவாகக் காட்டக்கூடும்; காலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்சிசன் 75 முதல் 85 வீதம் இருப்பது இவர்களுக்கு வழமை. உங்கள் பிள்ளைக்கு டொக்டர் குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினாலோ உதடு திடீரெனக் கருநீலமானாலோ குழாய் அடைபட்டிருக்கலாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

வயிற்றோட்டமும் வாந்தியும் ஆபத்து; நீர் வற்றினால் இரத்தம் தடித்துக் குழாயில் உறையும். வீட்டில் ஜீவனி கரைசலோடு காத்திராதீர்கள், சேலைன் தேவைப்படலாம். குழாயில் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் அஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. என்பதே வழமை, எடை ஏற ஏற கிளினிக்கில் அளவை மாற்றுவார்கள். கொப்புளிப்பான் (சின்னம்மை) அல்லது இன்புளுவன்சா தொற்றினால் மட்டும் அன்றே டொக்டரிடம் கேளுங்கள், அஸ்பிரினோடு சேர்ந்து மூளையையும் ஈரலையும் பாதிக்கலாம்.

தொற்று உறுதியானால் நாளத்தினூடாக 4 முதல் 6 வாரம் மருந்து ஏற்றுவார்கள். அதற்கும் கிருமி அடங்காவிட்டால், அல்லது குழாயின் ஓரம் வீங்கிப் பலூன்போலப் புடைத்தால், மாற்றித்தான் ஆக வேண்டும். பழையதைச் சும்மா கழற்ற முடியாது, நுரையீரலுக்கு இரத்தம் நின்றுவிடும். அதனால் தொற்றில்லாத இடத்தில், பெரும்பாலும் மறுபக்கத்தில், புதிய வழி அமைத்துவிட்டுத்தான் பழையதை எடுப்பார்கள். சில மாதம் வளர்ந்த பிள்ளையென்றால் அடுத்த கட்டமான கிளென் சத்திரசிகிச்சையையே (மேலுடம்பின் நாளத்தை நேரே நுரையீரல் நாடியோடு இணைப்பது) முன்கூட்டிச் செய்வதும் உண்டு. எடுத்த குழாயும் கல்ச்சருக்குப் போகும். அதன் முடிவைப் பார்த்தே மருந்தை எவ்வளவு காலம் தொடர்வதென்று தீர்மானிப்பார்கள்.