அரிசி ஆலையில் வயர்லெஸ் ஹார்ட் சென்சர்: செற்றிங் போடும் ஒழுங்கு

சம்மாந்துறை, நிந்தவூர் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நெல் அவிக்கும் தாங்கி, உமியில் எரியும் கொதிகலன், உலர்த்தி, நெற்குதிர் எல்லாம் ஒரே தகரக் கூரைக்குக் கீழே. இவற்றின் வெப்பநிலையைக் கம்பியில்லாமல் எடுக்க வயர்லெஸ் ஹார்ட் என்ற தொழிற்சாலை ரேடியோ முறை (சர்வதேசத் தரம் ஐ.ஈ.சி 62591) பொருத்தமானது. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடும். ஒவ்வொரு சென்சரும் பக்கத்துச் சென்சரின் தகவலையும் வாங்கிக் கடத்தும்.

முதலில் கேற்வேயை, அதாவது எல்லாச் சென்சர்களின் தகவலையும் வாங்கிச் சேர்க்கும் பெட்டியை, உயிர்ப்பியுங்கள். சென்சருக்குப் பற்றரியைப் போட்டுவிட்டுக் கேற்வேயைப் பிறகு பார்ப்போம் என்று விட்டால், அது இல்லாத நெற்வேர்க்கைத் தேடித் தேடியே பற்றரியைத் தின்னும். அந்த லித்தியம் பற்றரியைத் திரும்பச் சார்ஜ் பண்ணவும் முடியாது. கேற்வேயில் கடவுச்சொல்லையும் நெற்வேர்க் இலக்கத்தையும் மாற்றுங்கள். தொழிற்சாலையில் போட்டு வரும் இலக்கத்தை அப்படியே விடக்கூடாது. பக்கத்து ஆலையிலும் அதே கம்பனிப் பெட்டி இருக்கலாம்.

சென்சர்களை மேலே ஏற்றுவதற்கு முன், எல்லாவற்றையும் மேசையில் வைத்தே செற்றிங் போடுங்கள். ஏணியில் நின்றுகொண்டு 32 எழுத்துச் சாவி (ஜொயின் கீ, சென்சரை நெற்வேர்க்கில் சேரவிடும் இரகசியக் குறி) அடிப்பது நடக்கிற காரியமல்ல. கணினியைச் சென்சருடன் இணைக்கும் ஹார்ட் மோடத்தின் இரண்டு கிளிப்பையும் சென்சரின் கொம் (COMM) முனைகளில் மாட்டி, நெற்வேர்க் இலக்கத்தைக் கொடுத்து, பிறகு ஜொயின் கீயை எட்டெட்டாக நாலு துண்டாக அடியுங்கள். அதில் வருவது 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும்தான், ஆங்கில ஓ எழுத்து வரவே வராது. கையெழுத்துத் தாளில் 8ஐயும் பீ எழுத்தையும் மாறி வாசிப்பதுதான் வழமையான பிழை. அடித்த சாவியைச் சென்சரிலிருந்து திரும்ப வாசிக்க முடியாது. சந்தேகம் வந்தால் முழுவதையும் மறுபடி அடிப்பதுதான் வழி.

அடுத்தது சென்சர் வகை. பீ.ரி.100 (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பிளாட்டின அளவி) மூன்று கம்பியா, நாலு கம்பியா என்று சரியாகக் கொடுங்கள். சோதிக்க 100 ஓம் தடையை மாட்டினால் 0 பாகை காட்டவேண்டும், 138.5 ஓமுக்கு 100 பாகை. வேறு ஏதாவது காட்டினால் ரேடியோவைக் குறை சொல்லாமல் வகையையும் கம்பி இணைப்பையும் பாருங்கள்.

தகவல் அனுப்பும் இடைவெளியில்தான் ஆசை மிஞ்சும். அவியல் தாங்கிக்கு 16 செக்கன் தாராளம். குதிருக்குள் கிடக்கும் நெல்லின் சூடு மணிக்கணக்கில்தான் மாறும், 15 நிமிடம் போதும். அதற்கும் 1 செக்கன் கொடுத்தால் பற்றரிதான் சாகும், பக்கத்துச் சென்சர்களின் பற்றரியும் சேர்த்து.

இனி மாட்டுவது. கேற்வேக்குக் கிட்ட இருப்பதிலிருந்து தொடங்கி வெளியே போங்கள். அன்டெனா நிமிர்ந்து நிற்கவேண்டும், பெரிய தகரச் சுவரிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி. இரும்பு நெருங்கிய இடத்தில் 30 மீற்றருக்கு மேல் நம்பவேண்டாம். ஒவ்வொரு சென்சருக்கும் குறைந்தது மூன்று அயல் சென்சர்கள் தெரியவேண்டும், கால்வாசியாவது கேற்வேயுடன் நேரே பேசவேண்டும். சேர்வதற்குப் பல நிமிடங்கள் எடுக்கும். அவசரப்பட்டுப் பற்றரியைக் கழற்றி மாட்டினால் தேடல் முதலிலிருந்து தொடங்கும்.

எங்கள் பக்கத்தில் ஆட்கள் மறக்கும் விசயம் ஒன்று உண்டு. மார்கழியில், ஆலை வெறுமையாகக் கிடக்கும்போது மாட்டினால் எல்லாம் அழகாக வேலை செய்யும். மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு முடிந்து நெல் மூட்டை கூரை முட்ட அடுக்கப்படும். 2.4 கிகாஹேர்ட்ஸை ஈரம் விழுங்கும், ஈர நெல்லும் அப்படித்தான். தலை உயரத்தில் மாட்டிய சென்சர் மூட்டைகளுக்குப் பின்னால் புதைந்துபோகும். ஆகவே அடுக்கு எவ்வளவு உயரும் என்று ஆலைக்காரரிடம் கேட்டு அதற்கு மேலே மாட்டுங்கள். முடியாவிட்டால் அந்த இடத்துக்கு வழி கடத்த ஒரு சென்சரை மேலே கூடுதலாக வையுங்கள். வெட்டுக் காலத்தில் கணினியில் கேற்வேயின் பக்கத்தைத் திறந்து மறுபடி பாருங்கள். சிக்னல் மைனஸ் 75 டீ.பி.எம்மை (சிக்னல் வலுவின் அலகு, மைனஸ் 80 என்றால் இன்னும் பலவீனம்) விடப் பலவீனமானால், அல்லது தகவல் வந்துசேர்வது 99 வீதத்துக்குக் கீழே இறங்கினால், இடம் மாற்றவேண்டும்.

எல்லாம் முடிந்ததும் செற்றிங்கை யாரும் மாற்றாதபடி எழுத்துப் பூட்டைப் போட்டு, சாவித் தாளை அலுவலகப் பெட்டிக்குள் வையுங்கள். பிறகு பற்றரி மாற்றும்போது செற்றிங் அழியாது. புதியதை மாட்டிவிட்டு அது திரும்பச் சேரும்வரை காத்திருந்தால் சரி.