பழைய இராணுவக் கனரக லாரிகளைச் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில், டாங்கிகளைச் சுமந்து செல்லப் போதிய கனரக வாகனங்கள் இல்லாமல் திண்டாடிய பிரிட்டன், அமெரிக்காவிடம் உதவி கேட்டது. அதன் பயனாக உருவானதுதான் சிகாகோவைச் சேர்ந்த டைமண்ட் டி நிறுவனத்தின் 980 லாரி. 14.7 லிட்டர் ஹெர்குலிஸ் டீசல் என்ஜினும் 185 குதிரைத்திறனும் கொண்ட இந்த வண்டி, 40 டன் டிரெய்லரில் ஏற்றிய டாங்கியை இழுத்துச் சென்றது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு நகரில் ஸ்காமெல் நிறுவனம் பயனியர் என்ற ஆறு சக்கர வண்டியை உருவாக்கியிருந்தது. பீரங்கி இழுக்கவும், பழுதான வாகனங்களை மீட்கவும், டாங்கி சுமக்கவும் என அதன் பல வகைகளைப் பிரிட்டிஷ் இராணுவம் பயன்படுத்தியது. போர் முடிந்ததும் இவை உபரியாக விற்கப்பட்டு, கனரகச் சரக்கு நிறுவனங்களிடமும், ஊர் ஊராகச் செல்லும் பொருட்காட்சிக்காரர்களிடமும், வண்டி மீட்கும் பணிமனைகளிடமும் இன்னொரு வாழ்க்கை வாழ்ந்தன. எஞ்சியவற்றில் பலவற்றை இன்று தனிநபர்களும் அருங்காட்சியகங்களும் சீரமைத்து வருகிறார்கள்.

இந்தப் பணியில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண முடிகிறது. பல பத்தாண்டுகள் மழையிலும் பனியிலும் கிடந்தும் அழியாத தடயங்கள், சீரமைப்பு தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே அழிந்துபோகின்றன. அழிப்பது துரு அல்ல. ஆர்வமும் அவசரமும் கொண்ட நம் கைகளே.

இத்தகைய தவறுகளுள் முதன்மையானது, வண்டி வந்து சேர்ந்தவுடனேயே மணல் வீச்சு இயந்திரத்தை வரவழைப்பது. துருவையும் பழைய பெயிண்ட்டையும் ஒரே நாளில் அகற்றிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெயிண்ட்டுக்குள்தான் வண்டியின் வரலாறு இருக்கிறது. 1941 முதல் பிரிட்டிஷ் வாகனங்களில் பழுப்பு வண்ணம் பரவலாகப் பூசப்பட்டது. 1944இல் ஆலிவ் பச்சை வந்தது. போருக்குப் பின் அடர்ந்த வெண்கலப் பச்சை வந்தது. விற்கப்பட்ட பிறகு புதிய உரிமையாளரின் வண்ணம் அதன் மேல் ஏறியது. கதவின் உட்புறம், இருக்கைக்கு அடி, பெட்டி மூடியின் பின்பக்கம் போன்ற மறைவான இடங்களில், ஓர் உள்ளங்கை அளவு பரப்பை நுண்ணிய நீர் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால், இந்த அடுக்குகள் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். சில வேளைகளில் வெள்ளைப் பெயிண்ட்டில் தூரிகையால் எழுதிய பதிவெண்ணும் அதனுள்ளிருந்து வெளிவரும். பிரிட்டிஷ் இராணுவத்தில் இழுவை வண்டிகளின் எண் எச் என்ற எழுத்திலும், லாரிகளின் எண் எல் என்ற எழுத்திலும் தொடங்கும். அந்த எண் கிடைத்துவிட்டால், அது எந்த ஒப்பந்தத்தின் கீழ் வந்த வண்டி என்று தேடுவதற்கு வழி பிறக்கும். மணல் வீச்சுக்குப் பிறகு எந்த ஆய்வாளராலும் அதை மீட்டுத் தர இயலாது.

மணல் வீச்சு வேறு தீங்குகளும் செய்யும். கேபின் கதவு, என்ஜின் மூடி போன்ற மெல்லிய தகடுகள் அலையலையாக நெளிந்துவிடும். பொடி மணல் பேரிங்குகளுக்குள்ளும் அச்சுப் பெட்டிகளுக்குள்ளும் புகுந்து, பின்னாளில் உராய்வுப் பொடியாக வேலை செய்யும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூசியைச் சுவாசிப்பதும் ஆபத்து. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் போன்ற தடித்த பாகங்களுக்கு மட்டும், அவற்றைக் கழற்றித் தனியே எடுத்து, தடயங்களைப் பதிவு செய்த பிறகு இந்த முறையைப் பயன்படுத்தலாம். அப்போதும் அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும். ஈரமான ஊர்களில் வெற்று இரும்பு ஒரே இரவில் துருப்பிடித்துவிடும்.

அடுத்தது, பதிவு செய்யாமல் கழற்றுவது. எல்லாம் நினைவிருக்கும் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். ஆனால் இத்தகைய வேலை ஆண்டுக்கணக்கில் நீளும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, குழாய்களும் கம்பிகளும் எந்த வழியாகச் செல்கின்றன என்று குறித்து, நட்டு போல்ட்டுகளைப் பெயரெழுதிய பைகளில் போட்டு வைக்க வேண்டும். குறிப்பாக அச்சுப் பெட்டிகளில் பேரிங்குகளுக்கு அடியில் வைக்கப்பட்டிருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை இடமும் வலமும் கலந்துவிடக் கூடாது. பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தொடும் அளவை அவைதாம் நிர்ணயிக்கின்றன. கலந்துவிட்டால், முதல் ஓட்டத்திலேயே அச்சு ஊளையிடும். சில நூறு கிலோமீட்டரில் பற்கள் தேய்ந்துவிடும்.

பித்தளைத் தகவல் தகடுகளையும் சேசிஸில் அடித்த எண்ணையும் தொடாமல் காப்பது கட்டாயம். பளபளப்பாக்கும் ஆசையில் தகட்டின் எழுத்தையே தேய்த்து அழித்தவர்கள் உண்டு. துருப்பிடித்த ரிவெட்டுகளை வெட்டியெறிந்து அந்த இடத்தில் வெல்டிங் செய்வதும் இதே வகையான இழப்பு. ரிவெட் அடித்த சட்டம் சுமையில் சற்றே வளைந்து கொடுப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. அதில் வெல்டிங்கின் வெப்பம் பட்டால் இரும்பின் குணம் மாறி, வெல்டிங்கின் ஓரத்திலேயே விரிசல் தோன்றும்.

எந்தக் காலத்து வண்டியாக இதை மீட்டெடுப்பது என்ற முடிவைத் தொடக்கத்திலேயே எடுக்காமல் விடுவதும் பெருந்தவறு. பிரிட்டனில் எஞ்சிய டைமண்ட் டி லாரிகளில் பல, போருக்குப் பின் பிக்ஃபோர்ட்ஸ், வின்ஸ் போன்ற நிறுவனங்களில் மின்மாற்றிகளையும் கொதிகலன்களையும் இழுத்தவை. அவற்றின் கேபின் மாற்றப்பட்டிருக்கலாம். என்ஜினும் வேறாக இருக்கலாம். பிரிட்டிஷ் இராணுவமே தன்னிடமிருந்த சில டைமண்ட் டி லாரிகளில் ஹெர்குலிஸ் என்ஜினை அகற்றி ரோல்ஸ் ராய்ஸ் டீசல் என்ஜினைப் பொருத்தியது. இந்த மாற்றங்கள் எல்லாம் 'அசல் அல்ல' என்று தூக்கியெறியத் தக்கவை என்பது என் கருத்தன்று. நான்கு ஆண்டு இராணுவச் சேவையும் இருபது ஆண்டு சரக்குச் சேவையும் செய்த ஒரு வண்டிக்கு, அந்த இருபது ஆண்டுகளும் உண்மையானவையே. அவற்றை அகற்றுவதைவிட மோசமானது, அந்த வண்டி பங்கேற்காத படைப்பிரிவின் சின்னத்தை அழகுக்காக வரைந்து வைப்பது. பத்தாண்டுகள் கழித்து வரும் ஆய்வாளர் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார்.

என்ஜின் விஷயத்தில் அவசரம் இன்னும் விலை மிகுந்தது. நின்றுபோன என்ஜினை இன்னொரு வண்டியால் இழுத்துக் கியரில் விட்டுச் சுழற்றப் பார்ப்பது வழக்கமாக நடக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருந்தால், அந்த இழுப்பில் ரிங் உடையும், பிஸ்டன் பிளக்கும் அல்லது கனெக்டிங் ராடு வளையும். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, பிறகு நீண்ட கம்பியைக் கொண்டு கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். பயனியரில் உள்ள 8.4 லிட்டர் கார்ட்னர் என்ஜினில் அமுக்கத்தை விடுவிக்கும் நெம்புகோல்கள் இருப்பதால் கையால் சுழற்றுவது அத்தனை கடினம் அல்ல. அது அசைய மறுத்தால், மறுப்பதற்குக் காரணம் உண்டு என்று பொருள்.

சுழல்கிறது என்பதாலேயே உடனே ஸ்டார்ட் செய்துவிடவும் கூடாது. டீசல் பம்பின் உள்ளே, எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் பல்தண்டு ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகள் நின்ற வண்டியில், பழைய டீசல் பிசினாக உறைந்து, அந்தத் தண்டு முழு எரிபொருள் நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தால் என்ஜின் பற்றியவுடன், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகத்துக்குக் கட்டுப்படாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். பெட்ரோல் என்ஜினைப் போல மின்சாரத்தைத் துண்டித்து இதை நிறுத்த முடியாது. கட்டுப்பாட்டுக் கம்பியை இழுத்தும் பயனில்லை. ஆகவே பம்பின் பக்க மூடியைத் திறந்து, பல்தண்டு விரலின் தள்ளலுக்கே தடையின்றி நகர்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது, காற்று உள்ளே செல்லும் வாயை அடைக்கப் பொருத்தமான தட்டைப் பலகையோடு ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும். வெறும் கையாலோ துணியாலோ அடைக்க முயலக் கூடாது. ஈதர் தெளித்து ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். நல்ல நிலையில் உள்ள கார்ட்னர் என்ஜினுக்கு அது தேவைப்படுவதே இல்லை.

எண்ணெய்களைப் பற்றியும் ஒரு சொல். இன்றைய மல்டிகிரேடு ஆயில்களில் அழுக்கைக் கரைக்கும் வேதிப்பொருட்கள் அதிகம். என்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பைத் திறந்து பழைய கசடை அகற்றாமல் அவற்றை ஊற்றினால், கசடு கிளம்பி எண்ணெய்த் துவாரங்களை அடைத்துவிடும். கியர் பெட்டிகளிலும் அச்சுகளிலும் வெண்கலப் புஷ்களும் வெண்கலப் பற்சக்கரங்களும் இருந்தால், ஜிஎல்-5 வகை கியர் ஆயிலில் உள்ள கந்தகச் சேர்க்கை வெண்கலத்தை அரிக்கக்கூடும். விலை உயர்ந்த ஆயில் என்பதால் அது இந்த வண்டிக்கு உகந்தது என்று ஆகிவிடாது. வண்டியின் கையேடு சொல்லும் பிசுபிசுப்பைப் பின்பற்றுவதே பாதுகாப்பு.

இந்த வேலையில் உயிரைப் பறிக்கக்கூடியது எது என்று கேட்டால், தயங்காமல் சக்கரங்கள் என்பேன். அக்காலத்துக் கனரகச் சக்கரங்களின் ரிம் ஒரே துண்டாக இருப்பதில்லை. சிலவற்றில் டயரைப் பிடித்து நிறுத்துவது ஓர் இரும்புப் பூட்டு வளையம். சிலவற்றில் ரிம்மே இரண்டு பாதிகளாக போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் இராணுவத்தின் இரட்டைப் பாதி ரிம்களில், பாதிகளை இணைக்கும் நட்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டுகள் வேறு; இந்தச் சிவப்பு நட்டுகள் வேறு. காற்று உள்ளபோது சிவப்பு நட்டைக் கழற்றினால், டயரின் அழுத்தம் ரிம்மின் ஒரு பாதியை அருகில் நிற்பவர் மீது எறியும். வண்ணம் என்றோ உதிர்ந்துபோன அல்லது பின்னாளில் யாரோ பச்சையடித்துவிட்ட சக்கரங்கள்தாம் பெரும்பாலும் நம் கைக்கு வருகின்றன என்பதை மறக்கக் கூடாது. எந்தச் சக்கரத்தைத் தொடுமுன்னும் வால்வின் உள்ளூசியை முழுவதும் கழற்றி எடுத்து, ஒரு கம்பியை நுழைத்து, துவாரம் அடைபடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மீண்டும் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாயுடன், பக்கவாட்டிலிருந்து விலகி நின்றே அடிக்க வேண்டும். துரு அரித்த பூட்டு வளையத்தைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்து மீண்டும் போடுவது தற்கொலைக்குச் சமம்.

பிரேக்குகளையும் கிளட்சையும் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியைக் காற்றால் ஊதக் கூடாது. அக்கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை மூடிய பையில் அகற்ற வேண்டும். புகைக்குழாயில் சுற்றிய கயிறும் அதே பொருளாக இருக்கலாம். இருளில் ஒளிரும் பழைய அளவுமானிகளின் முகப்பில் ரேடியம் கலந்த பூச்சு இருக்கக்கூடும் என்பதால் அவற்றின் கண்ணாடியைத் திறந்து துடைக்க வேண்டாம். காற்றுப் பிரேக் உள்ள வண்டிகளில் காற்றுத் தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளிப்பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும், நீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்யாமல் அதை நம்பக் கூடாது.

இரும்புக் கயிற்றைச் சுருட்டிச் சுமையை இழுக்கும் வின்ச் குறித்த தவறு எளிமையானது, ஆனால் பரவலானது. டைமண்ட் டியின் வின்ச் சுமார் 18 டன் இழுக்கும் வலிமை கொண்டது. பல இராணுவ வின்ச்களில், சுமை மிகும்போது தானே அறுந்து மற்ற பாகங்களைக் காப்பாற்றும்படி மென்மையான ஊசி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அது அடிக்கடி அறுகிறது என்று அந்த இடத்தில் கெட்டியான போல்ட்டைப் போடுகிறவர்கள், அடுத்து அறுபடப் போவது இரும்புக் கயிறு என்பதை எண்ணுவதில்லை. இழுவையில் அறுந்த கயிறு ஆளையே வெட்டிவிடும். பழைய கயிற்றை மாற்றிவிட்டே வின்ச்சைச் சோதிக்க வேண்டும்.

வேலை முடிந்த வண்டியை நிறுத்தி வைப்பதிலும் கவனம் தேவை. தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே ஈரம் தேங்கி, திறந்தவெளியைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். கூரையும் காற்றோட்டமும்தான் வேண்டும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீரை விட்டுவைத்தால், பிரிட்டன் போன்ற குளிர்நாட்டில் ஒரே பனியிரவு சிலிண்டர் பிளாக்கைப் பிளந்துவிடும். துருத்தடுப்பானுடன் கூடிய உறைதடுப்பு நீரே பொருத்தமானது. இன்றைய டீசலில் கலந்துள்ள தாவர எண்ணெய்க்கூறு ஈரத்தை ஈர்ப்பதாலும் பழைய ரப்பர் குழாய்களை இளக்குவதாலும், நீண்ட ஓய்வுக்கு முன் குழாய்களைப் பரிசோதித்து மாற்றுவது நல்லது. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் என்ஜினை வெறுமனே ஓடவிடுவது பலரும் நல்லதென்று நம்பிச் செய்யும் பழக்கம். உண்மையில் என்ஜின் சூடேறாமலே நிற்பதால் உள்ளே நீர் படியும்; சுமையின்றி ஓடும் டீசல் என்ஜினில் சிலிண்டர் சுவர்கள் வழவழப்பாகி ஆயில் குடிக்கத் தொடங்கும். சாலையில் சுமையோடு ஒரு மணி நேரம் ஓட்ட முடிந்தால் ஸ்டார்ட் செய்யலாம். முடியாத மாதங்களில், எரிபொருளை நிறுத்தி வைத்துவிட்டு கையால் சில சுற்றுகள் சுழற்றி, வண்டியின் எடை டயர்களின் ஒரே இடத்தில் விழாதபடி சற்று நகர்த்தி வைத்தால் போதும்.