மேல்மலையில் வாத்து வளர்ப்பு: தொடங்குவோருக்கான செய்முறை

மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் போன்ற பழனி மலை ஊர்களில் வாத்து வளர்க்க நினைப்போர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வாத்துக்குக் குளம் கட்டாயமில்லை, குஞ்சுக்குச் சூடுதான் கட்டாயம் என்பது. சமவெளியில் அறுவடை முடிந்த வயல்களில் ஓட்டி மேய்க்கும் முறை இங்குள்ள பூண்டு, காரட் நிலங்களுக்குப் பொருந்தாது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு வாத்துகளோடு தொடங்குவதே நல்லது.

முதலில் கொட்டகை. மழைநீர் தேங்காத மேட்டில், வாத்துக்கு 4 சதுர அடி வீதம் இடம் விட்டு, கீரியும் மரநாயும் நுழையாதபடி கம்பிவலை அடிக்க வேண்டும்.

அடுத்தது குஞ்சு. முட்டைக்கு காக்கி கேம்ப்பெல் என்ற வாத்து இனம் ஏற்றது. பராமரிப்பு சரியாக இருந்தால் ஏறக்குறைய ஐந்து மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களைத் தவிர்த்து, மாசியில் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

முதல் நான்கு வாரங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. தகரத்தாலோ அட்டையாலோ வட்டமாகத் தடுப்பு அமைத்து, உமி பரப்பி, மேலே பல்பு தொங்கவிட்டு, முதல் வாரம் சுமார் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் கிடைக்கச் செய்து, பின்னர் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்க வேண்டும். குஞ்சுகள் பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர்கிறது. ஓரமாக ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. தண்ணீர்ப் பாத்திரத்தில் மூக்குத்துளை வரை அலகு முங்க வேண்டும், உடல் இறங்கக் கூடாது. முதல் முறை நான் அகலமான சட்டியை வைத்துவிட்டேன். விடியற்காலையில் பார்த்தபோது நான்கு குஞ்சுகள் மயிர் நனைந்து, விறைத்துக் கிடந்தன. அன்றிலிருந்து தினமும் காலையில் உமிக்குள் கைவிட்டுப் பார்த்து, ஈரமான இடத்தை அள்ளி மாற்றிவிடுகிறேன்.

தீவனத்தை ஈரமாகப் பிசைந்து, அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் வைக்க வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனத்தையே கொடுப்பதானால் சிறிது ஈஸ்ட் சேர்க்க வேண்டும்; ஈஸ்டில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் குறைந்தால் வாத்துக்குஞ்சின் கால்கள் வலுவிழக்கும். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் துளிகூடக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அதிலுள்ள அஃப்ளடாக்சின் நச்சைக் கோழி தாங்கும் அளவுக்கு வாத்து தாங்காது. மூடுபனியில் மூட்டை எளிதில் ஈரம் வாங்கும் என்பதால் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குவது அவசியம்.

எட்டு வாரம் ஆனதும் வாத்துக் கொள்ளைநோய்த் தடுப்பூசியைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிட வேண்டும். வளர்ந்த வாத்துகளைக் காலை ஒன்பது மணிக்குப் பின் திறந்துவிட்டால் போதும்; அவை பெரும்பாலும் விடியலுக்குள் முட்டையிட்டுவிடுவதால், முட்டை புல்லுக்குள் தொலையாது. அறுவடையான பாத்திகளில் நத்தைகளைப் பொறுக்கித் தின்னும், ஆனால் நாற்று உள்ள பாத்திகளிலும் மருந்தடித்த நிலத்திலும் விடக் கூடாது.

முட்டை விற்பனைக்கு மட்டும் என்றால் ஆண் வாத்து தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால் ஆறு பெட்டைக்கு ஓர் ஆண் வைக்கலாம். காக்கி கேம்ப்பெல் பொதுவாக அடைக்கு உட்காராது என்பதால் நாட்டு அடைக்கோழியின் அடியில் முட்டைகளை வைக்க வேண்டும். கோழி முட்டை பொரிக்க 21 நாள், வாத்து முட்டைக்கோ 28 நாள். அந்தக் கடைசி வாரம் கோழி எழுந்துவிடாமல் இருக்க, தீனியையும் தண்ணீரையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும்.