வீங்கியது முழங்கால், குத்தியது கையில்: முடக்குவாத ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடம்பின் நோயெதிர்ப்பு அமைப்பே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) நோயெதிர்ப்பு செல்கள் என்னதான் செய்கின்றன என்று ஆராய வரும் புதியவர்களைப் பல வருடங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் நானே செய்தவை என்பதால் திட்டவும் வாய் வருவதில்லை. குழாயில் தேதி எழுத மறப்பது, ஆன்டிபாடியை மேசையிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும். பட்டாலும் தெரியாத தவறுகள்தான் மோசம்.

ரத்தத்தையே மூட்டு என்று எடுத்துக்கொள்வது

என் எட்டு மாதத்தைத் தின்ற தவறு இது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ரத்தம் எடுப்பது சுலபம். நோயாளி கையை நீட்டுகிறார், ஐந்து நிமிடத்தில் குழாய் நிறைகிறது. ஆனால் உடம்பில் உள்ள லிம்போசைட்டுகளில் (டி செல், பி செல் போன்ற வெள்ளணுக்களில்) எந்த நேரத்திலும் சுமார் 2 சதவீதம்தான் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவை நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் குடலிலும் இருக்கின்றன. மூட்டு அழற்சி உள்ளவருக்கு மூட்டிலும்.

நான் அப்போது தேடியது சிஎக்ஸ்சிஆர்3 என்ற ஏற்பி உள்ள டி செல்களை. நோயாளிகளின் ரத்தத்தில் அவை ஆரோக்கியமானவர்களைவிடக் குறைவாக வந்தன. வரைபடம் அழகாக இருந்தது. "இந்த நோயில் இச்செல்கள் குறைந்துவிடுகின்றன" என்று எழுதி, அதற்கு ஒரு கோட்பாடும் ஜோடித்து, கூட்டத்தில் பெருமையாகக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த மூட்டு நோய் மருத்துவர் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, வீங்கியிருக்கிறது முழங்கால்தானே? நீ எதுக்குக் கையைக் குத்திக்கிட்டிருக்கே?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவரே அடுத்த வாரம் ஒரு முழங்காலிலிருந்து எடுத்த மூட்டு நீரில் மிச்சத்தைக் கொடுத்தார். செல்களை வகைபிரித்து எண்ணும் கருவியில் ஓடவிட்டுப் பார்த்தால், நான் "குறைந்துவிட்டன" என்று எழுதிய அதே செல்கள் அதில் குவிந்து கிடந்தன. அழற்சி உள்ள மூட்டு சிஎக்ஸ்சிஎல்10 போன்ற கீமோகைன்களை, அதாவது செல்களை இழுக்கும் புரதங்களை, சுரக்கிறது. அந்த ஏற்பி உள்ள செல்கள் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தை விட்டு உள்ளே போகின்றன. வீட்டில் ஆள் இல்லை என்று எழுதினேன், ஆள் வேலைக்குப் போயிருந்தார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நோயாளிகளில் பலர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து ரத்தம் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு உள்ளே போன சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் லிம்போசைட்டுகள் சரியும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் கழன்று ஓட்டத்தில் சேர்வதால் அவற்றின் எண்ணிக்கை ஏறும். மாத்திரையே வேண்டாம், உடம்பில் தானாக ஊறும் கார்ட்டிசோலும் இதே வேலையைத் தினமும் செய்கிறது. அதனால் லிம்போசைட் எண்ணிக்கை பகலில் தாழ்ந்தும் இரவில் உயர்ந்தும் இருக்கும். ஒப்பிடுவதற்காக ரத்தம் கொடுத்த ஆரோக்கியமானவர்கள் யார்? எங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்களேதான், வேலை முடிந்த பிறகு, மாலையில்.

ஆக நான் கண்ட வித்தியாசத்தில் நோய் எவ்வளவு, மாத்திரை எவ்வளவு, கடிகாரம் எவ்வளவு என்று பிரிக்கவே வழியில்லை. எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தோம் என்று மூன்று கட்டங்கள் படிவத்தில் இருந்திருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். உறைநிலையில் வரிசையாக அடுக்கிவைத்த குப்பிகளை நானே எடுத்துக் குப்பையில் போட்டேன்.

போன மாதம் புதிதாக வந்த பெண் தன் படிவத்தைக் காட்டினாள். உயரம், எடை, எந்தக் கை என்பதுவரை இருந்தது. ஸ்டீராய்டு இல்லை. "அதெல்லாம் கேஸ் ஷீட்டுல இருக்கும் அக்கா" என்றாள். இருக்காது. மருந்தின் பெயர் இருக்கும். அன்று காலை போட்டாரா இல்லையா என்பது எந்தத் தாளிலும் இருக்காது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் கேட்க வேண்டும்.

சரி, மூட்டு நீர் எடுத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. மூட்டு நீர் வேறு, மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வு வேறு. நீரில் பெரும்பாலும் நியூட்ரோஃபில்கள் மிதக்கும். சவ்வில் அவை சொற்பம். அங்கே கிருமியையும் கழிவையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள், டி செல்கள், பி செல்கள், பிளாஸ்மா செல்கள், இவற்றையெல்லாம் சேர்த்துப் பிடித்திருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள். எலும்பை அரிக்கும் வேலை சவ்வின் ஓரத்தில்தான் நடக்கிறது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசியால் சவ்வுத் துணுக்கு எடுக்க இப்போது முடிகிறது. அது கிடைக்காதபோது நீரை வைத்துப் பேசலாம், ஆனால் நீர் என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும். (நீரைச் சும்மா கருவியில் ஏற்றிவிடாதீர்கள். ஹயலுரோனிக் அமிலத்தால் கொழகொழவென்று இருக்கும். ஹயலுரோனிடேஸ் போட்டு இளக்காவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.)

நியூட்ரோஃபிலைத் தொலைத்துவிட்டு, இல்லை என்பது

செல்களை அடர்த்தியால் பிரிக்கும் ஃபைகால் கரைசல் மேல் ரத்தத்தை ஊற்றிச் சுழற்றினால் நியூட்ரோஃபில்கள் சிவப்பணுக்களோடு அடியில் போய்விடும். நடுவில் நிற்கும் வெள்ளை வளையத்தை மட்டும் எடுக்கிறோம். தப்பித்தவறி ஒன்றிரண்டு வந்தாலும் உறையவைத்து இளக்கும்போது செத்துவிடும். அப்புறம், "எங்கள் தரவில் நியூட்ரோஃபிலுக்குப் பெரிய பங்கில்லை" என்று ஒரு வரி வருகிறது! அந்தச் செல்லில்தான் புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலின் ஆக மாற்றும் பிஏடி நொதிகள் இருக்கின்றன. வலையாகத் தன் டிஎன்ஏவை வெளியே வீசும்போது அந்தப் புரதங்களும் கூடவே வருகின்றன. முடக்குவாதத்துக்கே அடையாளமான ஆன்டிபாடிகள் குறிவைப்பது சிட்ருலின் ஏறிய புரதங்களைத்தான். புதிய ரத்தத்தில், அன்றைக்கே பார்க்க வேண்டிய செல் இது.

எம்1, எம்2

மேக்ரோஃபேஜ்களை அழற்சியைத் தூண்டும் எம்1, தணிக்கும் எம்2 என்று இரண்டு பெட்டிகளில் போடுவது வழக்கம். சவ்வில் இருக்கும் மேக்ரோஃபேஜ் இந்தப் பெட்டிகளைப் படித்துவிட்டு வருவதில்லை.

ஃபாக்ஸ்பி3 தெரிந்தாலே கட்டுப்படுத்தும் டி செல் என்பது

மற்ற நோயெதிர்ப்பு செல்களை அடக்கும் டி செல்லுக்கு இந்தப் புரதத்தையே அடையாளமாக நம்புவது எலியில் ஓரளவு சரி. மனித டி செல் தூண்டப்பட்டாலே கொஞ்ச நேரம் அதைக் காட்டும்.

கூட்டமாக இருப்பதுதான் குற்றவாளி என்பது

சவ்வில் சிடி4 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய டி செல்கள் ஏராளம். அப்படியானால் அவற்றை ஒழித்துவிட்டால் போதும் என்று 1990களில் சிடி4-ஐத் தாக்கும் ஆன்டிபாடிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை நன்றாகவே விழுந்தது. மூட்டில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. உடனே "டி செல் நிரபராதி" என்று இன்னொரு கட்சி கிளம்பியது. அதுவும் அவசரம்தான். டி செல்லைக் கொல்லாமல், அது விழித்துக்கொள்ளத் தேவையான இரண்டாவது சைகையை மட்டும் தடுக்கும் அபாடசெப்ட் 2005-ல் அங்கீகாரம் பெற்றது, வேலையும் செய்கிறது.

டிஎன்எஃப் என்ற சைட்டோகைனின் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதம்) கதை நேர்மாறு. லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி குழுவினர் நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த செல்களை வளர்த்து, டிஎன்எஃப்பைத் தடுத்தால் மற்ற சைட்டோகைன்களும் தணிகின்றனவா என்று முதலில் பார்த்தார்கள். தணிந்தன. 1992-ல்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். எது அதிகமாக இருக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்காமல், எதை எடுத்தால் எது சரிகிறது என்று பார்த்தார்கள். தொடங்கியதும் மூட்டிலிருந்துதான், கையிலிருந்து அல்ல.

ஒரு நோயின் வில்லனை அடுத்த நோய்க்கும் தூக்கிக்கொண்டு போவது

ஐஎல்-17 என்ற சைட்டோகைனைத் தடுக்கும் செக்குகினுமாப் மருந்து சொரியாசிஸில் தோலை அற்புதமாகத் தெளியவைக்கும். குடல் அழற்சியான கிரோன் நோயிலும் குடலில் ஐஎல்-17 அதிகம், ஆகவே அங்கேயும் பலிக்கும் என்று கொடுத்தார்கள். 2012-ல் வெளியான முடிவுப்படி, பலனும் இல்லை, மருந்து பெற்றவர்களில் நோய் கூடவும் செய்தது. குடலின் உள்சுவர் சிதையாமல் காப்பதில் ஐஎல்-17-க்குப் பங்கு உண்டு. அதே கிரோன் நோயில், ஒரு படி மேலே இருக்கும் ஐஎல்-23-ஐத் தடுத்தால் பலன் கிடைக்கிறது. முடக்குவாதத்திலோ ஐஎல்-17 தடுப்பு சொரியாசிஸில் காட்டிய வேகத்தைக் காட்டவில்லை.

நொதி தின்றதை நோய் தின்றதாக எழுதுவது

செல்களைப் பிரித்தெடுக்கச் சவ்வைக் கரைக்கும் டிஸ்பேஸ் என்ற நொதியைப் போட்டால் அது டி செல் மேலிருக்கும் சிடி4, சிடி8 போன்றவற்றையும் வெட்டிவிடும். "சவ்வில் சிடி4 மங்கலாக இருக்கிறது" என்று யாராவது ஓடிவந்தால் நான் முதலில் கேட்பது எந்த நொதி, எத்தனை நிமிடம் என்றுதான். அதே நோயாளியின் ரத்தச் செல்களையும் அதே நொதியில், அதே நேரம் ஊறவைத்துப் பாருங்கள். அங்கேயும் மங்கினால் விடை கிடைத்துவிட்டது. போன மாதம் வந்த பெண் அதை நான் சொல்லாமலே செய்திருந்தாள். படிவத்தில் மட்டும் இன்னும் அந்த மூன்று கட்டங்கள் வரவில்லை.