குய்டோ அரிஸ்தார்கோவின் முறையில் ஒரு படத்தைப் படிப்பது எப்படி: மூன்று படங்கள், ஒரு நோட்டு

இரண்டாம் உலகப் போரையொட்டி எழுந்த சினிமா இயக்கமான இத்தாலிய நியோரியலிசம் பற்றித் தெரிந்துகொள்ள வருபவர்களில் பலர் "ஸ்டுடியோவை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள், சாதாரண மனிதர்களை நடிக்க வைத்தார்கள்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த இயக்கத்துக்குள்ளேயே ஒரு பெரிய சண்டை நடந்தது. வறுமையை இருக்கிறபடி காட்டினால் போதுமா, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் படம் காட்ட வேண்டுமா? போதாது, காட்டியே ஆக வேண்டும் என்று உரக்கச் சொன்னவர் இத்தாலியத் திரைப்பட விமர்சகர் குய்டோ அரிஸ்தார்கோ. அவருடைய கேள்வியை ஒரு கருவியாகக் கையாளப் பழகுவதற்கான செய்முறை இது. கோட்பாட்டுப் பயிற்சி எதுவும் முன்கூட்டித் தேவையில்லை.

தொடங்கும் முன்: யார் இவர்?

1918-ல் அப்ருட்சோ பகுதியிலுள்ள ஃபொஸ்ஸசேசியாவில் பிறந்தார். மாந்துவாவில் வளர்ந்து, இளம் வயதிலேயே பத்திரிகைகளில் சினிமா பற்றி எழுதத் தொடங்கினார். 1951-ல் திரைப்படக் கோட்பாடுகளின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1952 டிசம்பரில் மிலானில் 'சினிமா நுவோவோ' என்ற இதழைத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் அதன் ஆசிரியராக இருந்தார். பிற்காலத்தில் தூரின், ரோம் பல்கலைக்கழகங்களில் சினிமா கற்பித்தார். 1996-ல் காலமானார்.

1953-ல் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் அவர் எழுத்தின் சூடு புரியாது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படை கிரேக்கத்தை ஆக்கிரமித்தபோது நடந்தவற்றைப் படமாக எடுக்கலாம் என்று விமர்சகர் ரென்சோ ரென்சி ஒரு யோசனையை எழுதினார். அரிஸ்தார்கோ அதைத் தன் இதழில் வெளியிட்டார். படம் எடுக்கப்படவில்லை. எழுதியதற்கே இருவரும் கைதானார்கள். முன்பு படையில் இருந்தவர்கள் என்ற காரணத்தைக் காட்டி, ராணுவத்தை அவமதித்ததாக ராணுவ நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பெஸ்கியேரா கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டு, தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறுத்தி வைக்கப்பட்டதால் வெளியே வந்தார்கள். சமீப கால வரலாற்றைச் சினிமா தொடக்கூடாது என்று அரசு நினைத்த காலத்தில்தான் "சினிமா வரலாற்றுக்குள் போக வேண்டும்" என்று அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

படி 1: படங்களையும் சரியான பிரதியையும் தேர்ந்தெடுங்கள்

மூன்று படங்கள் போதும். இந்த வரிசையில் பாருங்கள்.

விட்டோரியோ டி சிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948), சுமார் ஒன்றரை மணி நேரம். லுக்கினோ விஸ்கோந்தியின் 'லா தெர்ரா த்ரேமா' (1948), இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். அதே விஸ்கோந்தியின் 'சென்சோ' (1954), ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

பிரதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'சென்சோ'வுக்கு ஆங்கில டப்பிங்கோடு வெட்டிச் சுருக்கிய ஒரு வடிவம் உண்டு. அதை விட்டுவிட்டு முழு இத்தாலிய வடிவத்தைச் சப்டைட்டிலோடு பாருங்கள். 'லா தெர்ரா த்ரேமா'வில் ஆசி த்ரெட்சா ஊர் மீனவர்கள் தங்கள் சிசிலிய வட்டார வழக்கில் பேசுகிறார்கள். இதற்கும் பொது இத்தாலியனில் டப் செய்து குறைத்த பிரதி ஒன்று இருந்தது. கதாபாத்திரங்கள் சிசிலிய மொழியிலும் பின்னணிக் குரல் இத்தாலியனிலும் பேசினால் உங்களிடம் இருப்பது சரியான பிரதி.

படி 2: மூன்று பத்திகளாக நோட்டைப் பிரியுங்கள்

முதல் முறை பார்க்கும்போது எதையும் எழுத வேண்டாம். இரண்டாம் முறை, நோட்டின் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்தியில், என்ன நடக்கிறது. இரண்டாவதில், அது ஏன் நடக்கிறது என்று படமே திரையில் காட்டுவது. மூன்றாவதில், படம் காட்டாமல் நீங்களாகச் சேர்த்துக்கொண்ட விளக்கம்.

மூன்றாவது பத்திதான் உயிர். "முதலாளித்துவத்தின் கொடுமை" என்று எழுதக் கை நீளும். அது எந்தக் காட்சியில் தெரிகிறது என்று கேளுங்கள். காட்சியைச் சுட்ட முடியாவிட்டால் அது மூன்றாவது பத்திக்குத்தான் போக வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாமல் அரிஸ்தார்கோவின் முறையைப் பின்பற்றினால், படத்தை விட்டுவிட்டு அரசியலை மட்டும் எழுதிவிடுவோம்.

ஒரு படத்துக்குப் பத்துக் காட்சிகள் போதும். எல்லாவற்றையும் குறிக்கப் போனால் பாதியில் களைத்துவிடுவீர்கள்.

படி 3: விவரிக்கிறதா, கதை சொல்கிறதா?

அரிஸ்தார்கோ இந்தச் சோதனையை ஹங்கேரியச் சிந்தனையாளர் ஜார்ஜ் லூகாச்சிடமிருந்து எடுத்துக்கொண்டார். லூகாச் 1936-ல் எழுதிய கட்டுரையில் இரண்டு நாவல்களில் வரும் குதிரைப் பந்தயங்களை ஒப்பிட்டார். எமில் சோலாவின் 'நானா'வில் பந்தயம் மிக நுணுக்கமாக வர்ணிக்கப்படுகிறது, ஆனால் அதை எடுத்துவிட்டாலும் கதை பெரிதாக மாறாது. டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'வில் விரான்ஸ்கி குதிரையிலிருந்து விழுவதும், அதைப் பார்த்து அன்னா பதறுவதும், கணவன் அதைக் கவனிப்பதும் மூவர் வாழ்க்கையையும் திருப்பிவிடுகின்றன. முன்னது விவரிப்பு, பின்னது கதை சொல்வது. ஆக, சோதனை இதுதான்: காட்சியை எடுத்துவிட்டால் கதை மாறுமா?

இதை 'சென்சோ'வின் தொடக்கக் காட்சியில் போட்டுப் பாருங்கள். 1866, வெனிஸ் ஆஸ்திரியாவின் பிடியில் இருக்கிறது. லா ஃபெனிச்சே அரங்கில் வெர்தியின் 'இல் த்ரோவத்தோரே' ஓபரா. கீழ்த்தளத்தில் வெள்ளைச் சீருடையில் ஆஸ்திரிய அதிகாரிகள், மேல் மாடங்களில் இத்தாலியர்கள். மேடையில் போருக்கு அழைக்கும் பாட்டு முடிந்ததும் மேலிருந்து இத்தாலியக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு நிறத் தாள்கள் அதிகாரிகளின் தலையில் கொட்டுகின்றன. ஃப்ரான்ஸ் மாலர் என்ற அதிகாரி இத்தாலியர்களை இழித்துப் பேச, தேசபக்தனான உசோனி அவனைச் சவாலுக்கு இழுக்கிறான். உசோனியைக் காப்பாற்ற, அவன் உறவினளான லிவியா சீமாட்டி ஃப்ரான்ஸைச் சந்திக்கிறாள்.

இந்தக் காட்சியை எடுத்துவிட முடியுமா? முடியாது. காதலும் ஆக்கிரமிப்பும் இங்கேதான் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பிறகு லிவியா, ஆஸ்திரியாவை எதிர்க்கும் தன்னார்வப் படைக்காகச் சேர்த்த பணத்தைக் காதலனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அவன் அதை லஞ்சமாகக் கொடுத்து, போருக்குப் போகாமல் தப்பிக்கிறான். அந்தப் பக்கம் குஸ்தோசாவில் இத்தாலியப் படை தோற்கிறது. ஒரு பெண்ணின் தனிப்பட்ட துரோகமும் ஒரு வர்க்கத்தின் துரோகமும் ஒரே செயலாகிவிடுகின்றன. இந்தப் படத்தை நடப்புப் பதிவிலிருந்து (நடப்பதை அப்படியே குறிப்பது) வரலாற்றுக்கும் (அது ஏன் நடக்கிறது என்று காட்டுவது), நியோரியலிசத்திலிருந்து யதார்த்தவாதத்துக்கும் நகர்ந்த படம் என்று அரிஸ்தார்கோ கொண்டாடியதற்குக் காரணம் இந்தப் பிணைப்புதான். இத்தாலிய விமர்சகர் லூயிஜி கியாரினி போன்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை; ஓபரா, பட்டாடை, அரண்மனை என்று போவது நியோரியலிசத்தைக் கைவிடுவதுதான் என்றார்கள்.

ஒரு எச்சரிக்கை. தன்னார்வப் படையின் உதவி வேண்டாம் என்று ராணுவத் தரப்பு உசோனியிடம் சொல்லும் காட்சி தணிக்கையில் வெட்டப்பட்டது. படத்தின் முடிவும் விஸ்கோந்தி முதலில் நினைத்தது அல்ல. எனவே பிற்பகுதியில் அரசியல் காரணங்கள் மெலிந்து தெரிந்தால் பழியை உடனே இயக்குநர் மேல் போடாதீர்கள்.

படி 4: அதே சோதனையை டி சிக்கா மீது, அவசரப்படாமல்

தொடங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 'பைசைக்கிள் தீவ்ஸ்' வெறும் நடப்புப் பதிவு என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நோட்டை எடுத்து அடகுக்கடைக் காட்சியைப் பாருங்கள். அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க, கதாநாயகன் அந்தோனியோவின் மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். ஊழியர் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு அலமாரி மேல் ஏறுகிறார். ஏற ஏற, கூரை வரை மூட்டைகள். ஒரு குடும்பத்தின் கதை ஒரு நகரத்தின் கதை என்று ஒரே ஷாட் சொல்லிவிடுகிறது. இது இரண்டாம் பத்தியில் வர வேண்டியது.

பிறகு சைக்கிள் திருடு போனதும் காவல் நிலையம், தொழிற்சங்கக் கூடம், தேவாலயம், குறிசொல்லும் பெண் என்று அந்தோனியோ அலைகிறான். யாராலும் உதவ முடியவில்லை என்று படம் காட்டுகிறது. ஏன் முடியவில்லை என்பதற்குள் அது போவதில்லை. அந்த இடத்தில் இரண்டாம் பத்தி காலியாக இருக்கும், இருக்கட்டும். படம் எங்கே நிற்கிறது என்று சுட்டுவதுதான் இந்த முறையின் பயன்.

'லா தெர்ரா த்ரேமா' இரண்டுக்கும் நடுவில். மொத்த வியாபாரிகளின் தராசுகளை என்தோனி என்ற மீனவன் கடலில் வீசும் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீனவன் உழைப்பு எங்கே திருடப்படுகிறது என்று அந்தத் தராசே சொல்கிறது. பிறகு வீட்டை அடமானம் வைத்துச் சொந்தத் தொழில் தொடங்கி, புயலில் படகை இழந்து, அதே வியாபாரிகளிடம் கூலிக்குத் திரும்புகிறான். தோற்றது புயலாலா, தனியாக நின்றதாலா? படம் பதில் தருகிறது. காட்சிகளைக் குறித்துக்கொண்டு நீங்களே கண்டுபிடியுங்கள்.

படி 5: எதிர்த்தரப்பைக் கேளுங்கள்

பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் 1955-ல் அரிஸ்தார்கோவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். இயக்குநர் ரோபர்த்தோ ரொஸ்ஸெல்லினியை ஆதரித்து எழுதிய அந்த மடலை அரிஸ்தார்கோ தன் இதழிலேயே வெளியிட்டார். எதிராளிக்கு இடம் கொடுத்த அந்தப் பண்பு பாராட்டத் தக்கது.

பஸானின் வாதம் இதுதான்: பழைய வகைப் படத்தில் காட்சிகள் பாலம் கட்டச் செய்த செங்கல்கள். நியோரியலிசத்தில் அவை ஆற்றில் கிடக்கும் பாறைகள். அவற்றின் மேல் கால் வைத்துத் தாண்டலாம், ஆனால் அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. காரணத்தை விளக்கவென்றே அடுக்கிய காட்சி நிஜத்தின் முழுமையைக் குலைத்துவிடும் என்பது அவர் பயம்.

இதைச் சோதிக்க டி சிக்காவின் 'உம்பெர்த்தோ டி' (1952) படத்தில் வேலைக்காரப் பெண் காலையில் சமையலறையில் எழுந்து நடமாடும் காட்சியைப் பாருங்கள். அடுப்பு, எறும்புகள், காப்பி அரைக்கும் கருவி. கதை ஒரு அடிகூட நகரவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் கர்ப்பமும் பயமும் முழுதாக நம்மேல் இறங்குகின்றன. லூகாச்சின் அளவுகோலை அப்படியே வைத்தால் இதை "வெறும் விவரிப்பு" என்று தள்ள வேண்டியிருக்கும். அப்படித் தள்ளுவது தவறு. ஃபெல்லினியின் 'லா ஸ்த்ராதா'வையும் ரொஸ்ஸெல்லினியின் ஐம்பதுகளின் படங்களையும் அரிஸ்தார்கோ குறைத்து மதிப்பிட்டது இந்த அளவுகோலால்தான்.

படி 6: 600 சொற்களில் விமர்சனம்

கதைச்சுருக்கத்துக்கு 80 சொற்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். இரண்டே காட்சிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 150 சொற்கள் எழுதுங்கள். அடுத்த 120 சொற்களில், பஸான் இதே காட்சிகளைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று அவர் பக்கம் நின்று நேர்மையாக எழுதுங்கள். மீதி உங்கள் தீர்ப்புக்கு.

எழுதி முடித்ததும் "வரலாறு", "வர்க்கம்", "சமூகம்" என்ற சொற்களை அடிக்கோடிடுங்கள். பக்கத்தில் ஒரு காட்சியோ ஷாட்டோ இல்லாமல் தனியாக நிற்கும் ஒவ்வொன்றையும் அடித்துவிடுங்கள். விமர்சனம் பாதியாகச் சுருங்கிவிட்டால், குறித்த காட்சிகள் போதவில்லை என்று பொருள்; படி 2-க்குத் திரும்புங்கள்.

அடுத்து

கோட்பாட்டுக்குள் போக வேண்டுமானால் இப்போது போகலாம். அரிஸ்தார்கோவின் 1951 நூல் ரிச்சோத்தோ கனூதோ போன்ற முன்னோடிகளில் தொடங்கி, பேலா பலாஸ், புதோவ்கின், ஐசன்ஸ்டைன், ஆர்ன்ஹைம் வழியாக, இத்தாலியர்களான உம்பெர்த்தோ பார்பரோ, கியாரினி வரை வருகிறது. எல்லோரையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். புதோவ்கினையும் ஆர்ன்ஹைமையும் முதலில் எடுங்கள், இருவரும் எடுத்துக்காட்டோடு பேசுபவர்கள். படம் என்றால் விஸ்கோந்தியின் 'ரோக்கோ அண்ட் ஹிஸ் பிரதர்ஸ்' (1960): தெற்கிலிருந்து மிலானுக்குப் பிழைக்க வந்த ஒரு தாயும் மகன்களும், ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதற்குப் புதிய நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பத்துக் காட்சிகள் என்ற வரம்பைப் பதினைந்தாக்கலாம்.