ஆக்சில் கட்டான பழைய லாரி: ஷாப்ட் மாற்றும் முறை

கியர் விழுகிறது, கீழே ஜாயிண்ட் ஷாப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டு) சுற்றுகிறது, லாரி மட்டும் நகரவில்லை. பெரும்பாலும் பின் ஆக்சில் கட், அதாவது பின் சக்கரத்தைச் சுற்றும் ஷாப்ட் உடைந்திருக்கும். சுற்றை இரு பக்கத்துக்கும் பிரிக்கும் நடு கியர் தொகுதியான டிஃபரன்ஷியல், தடையில்லாத பக்கத்துக்கே சுற்றை விட்டுவிடும். அதனால்தான் மறுபக்கச் சக்கரமும் இழுப்பதில்லை. இந்த நிலையில் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். ஜாயிண்ட் ஷாப்டைப் பிடிக்கும் வகை ஹேண்ட்பிரேக்கும் உதவாது. சக்கரங்களுக்குக் கட்டை போடாமல் கீழே படுக்காதீர்கள்.

சக்கர நடுவில் நட்டுகளோடு ஃபிளாஞ்ச் (ஷாப்டின் வட்டமான தலை) துருத்திக்கொண்டிருந்தால் ஜாக்கி தேவையில்லை, சக்கரத்தையும் கழற்ற வேண்டாம். பாரத்தை ஹப் பேரிங் தாங்குகிறது. ஷாப்டுக்குச் சுற்றும் வேலை மட்டும்தான்.

ஆயிலை முழுக்க வடித்துவிட்டு நட்டுகளைக் கழற்றுங்கள். ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரைக்கம்பியில்) கோன் என்ற கூம்பு வளையம் இறுகியிருக்கும். ஃபிளாஞ்சின் நடுவில் பித்தளைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் துள்ளி வெளியே வரும். உளியைச் செருகி நெம்பினால் முகம் வடுப்பட்டு, பிறகு எந்தப் பேக்கிங் போட்டாலும் ஆயில் கசியும்.

வெளித்துண்டு சுலபமாக வரும். உள்ளே நிற்கும் துண்டுதான் பாடு. மறுபக்க ஷாப்டையும் உருவி அதன் வழியாகத் தள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான லாரிகளில் நடுவில் ஸ்பைடர் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிலுவைத் தண்டு) மறிக்கும். ஷாப்ட் தடிமனுக்கு ஏற்ற குழாயின் முனையில் நெடுக்காக நாலு வெட்டு வெட்டி, சற்றே நெருக்கி, துண்டின் மேல் தட்டி ஏற்றி உருவுங்கள். ஷாப்ட் முனையின் பல் முறுக்கிக்கொண்டிருந்தால் அசையாது. டிஃபரன்ஷியலை இறக்கத்தான் வேண்டும். உள்ளே வெல்டிங் வைக்கவே கூடாது: கரன்ட் பேரிங்கைத் தின்னும், ஆயில் ஆவி தீப்பற்றும். சில்லுகளைக் கம்பியில் கட்டிய காந்தத்தால் துழாவி எடுங்கள். ஒரே ஒரு சில்லு மிஞ்சினாலும் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுனின் பல் போய்விடும்.

உடைந்த முகத்தை பஞ்சு வேஸ்டால் துடைத்துப் பாருங்கள். திருகியதுபோல் சாய்வாக உடைந்திருந்தால் ஒரே அடியில் போனது: பாரத்தோடு மேம்பால ஏற்றத்தில் கிளட்சைச் சட்டென விட்டிருப்பார்கள். ஒரு பகுதி வழவழவென்று வளைய வளையமாக இருந்து, மிச்சம் சொரசொரப்பாக இருந்தால் நாள்பட்ட விரிசல். ஹப் பேரிங் ஆட்டத்தையும் ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) வளைவையும் பார்க்காமல் புதிதைப் போட்டால் அதுவும் கட்டாகும்.

புது ஷாப்ட் வாங்க பெங்களூரின் உதிரிபாகக் கடைப் பகுதிகளான கலாசிபாளையத்துக்கோ ஜேசி ரோட்டுக்கோ போகும்போது இரண்டு துண்டையும் கையோடு கொண்டுபோங்கள். மாடல் பெயர் போதாது; பழைய வண்டியில் ஹவுசிங்கையே யாராவது மாற்றியிருக்கலாம். நீளம், பல் எண்ணிக்கை, ஃபிளாஞ்ச் ஓட்டை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சில வண்டிகளில் இடது, வலது நீளமே வேறு. உடைந்ததை லேத்தில் ஒட்டவைத்துத் தரச் சொல்லாதீர்கள். வெல்டிங் சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.

பூட்டும்போது பல்லில் ஆயில் தடவி, சீலில் உரசாமல் ஷாப்டைத் தாங்கிப் பிடித்துச் செருகுங்கள். பல் சேராவிட்டால் ஃபிளாஞ்சைச் சற்றே திருப்புங்கள், அடிக்காதீர்கள். புதுப் பேக்கிங், நல்ல கோன்; நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். கம்பெனி சொன்ன கிரேடு கியர் ஆயிலை, சமதரையில், ஆயில் ஊற்றும் ஓட்டையின் விளிம்பு வரை ஊற்றுங்கள். ஆயில் ஹப்புக்கும் போய்ச் சேரும். பத்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து நிரப்புங்கள். காலி வண்டியாக ஓட்டிப் பார்த்து, 100 கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் மறுபடி முறுக்கிவிடுங்கள்.