டிராக்டர் என்ஜின் சூடேறுகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள்

சூடு முள் சிவப்புக்குப் போனதும் பலர் ஹெட் கேஸ்கெட்டைத்தான் (என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) சந்தேகப்படுகிறார்கள். என் பட்டியலில் அது கடைசி. என் வண்டி சுமை கூடும்போது மட்டும் சூடேறியது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது.

முள் ஏறினால் சுமையை எடுத்துவிட்டு, ஐடிலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணையுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் கொட்டிப்போயிருந்தாலோ உடனே அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மூடி திறந்த நொடியில் பீறிட்டு முகத்தில் அடிக்கும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

ஆறியதும் நீர் மட்டம், ஹோஸ், பெல்ட் மூன்றையும் பாருங்கள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 15 மி.மீ. வரை உள்வாங்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

அப்புறம்தான் ரேடியேட்டர். முன்பக்கம் பளிச்சென்று இருந்தாலும் நம்பாதீர்கள். பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியாத இடமெல்லாம் அடைப்பு. ஃபேன் காற்றை முன்னாலிருந்து இழுப்பதால் தூசும் பதரும் முன்பக்கமாகப் புகுந்து இறுகுகின்றன. அதனால் ஃபேன் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஊத வேண்டும். முன்னாலிருந்து ஊதினால் அடைப்பு இன்னும் உள்ளேதான் போகும். முதலில் உலர்ந்த காற்று, பிறகு தண்ணீர். தூசை நனைத்துவிட்டால் சேறாகி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர் அடித்து ஊறவிடுங்கள். காற்றை நேராகப் பிடியுங்கள், சாய்த்தால் தகடுகள் மடங்கும். பிரஷர் வாஷர் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். முன்னால் ஆயில் கூலர் இருந்தால் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் பெரும் குப்பை இருக்கும்.

வாங்கி வைக்க ஒரே கருவி சொல்லச் சொன்னால், தொடாமல் சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைச் சொல்வேன். ஓடும் என்ஜினில் ரேடியேட்டர் முகத்தை அளந்துகொண்டே வரும்போது ஓரிடம் மட்டும் சில்லென்று இருந்தால், அங்கே குழாய் உள்ளுக்குள் அடைத்திருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றும் வண்டிகளில் இது சகஜம். கூலன்ட்டோடு (என்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) காய்ச்சி வடித்த நீரையே கலந்து ஊற்றுங்கள்.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வு. அதைக் கழற்றி, கம்பியில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலை (பலவற்றில் 82 டிகிரி) வந்ததும் திறக்கத் தொடங்க வேண்டும். பழுதானால் புதிது போடுங்கள். அதை எடுத்துவிட்டு ஓட்டச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். குளிர்ந்தே ஓடும் என்ஜினில் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஆயிலைக் கெடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சூடேறினால் மட்டும் கேஸ்கெட். ஆறிய என்ஜினை ரேடியேட்டர் மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் குமிழிகள் நிற்காமல் வந்தாலோ, ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: கூலன்ட் மாற்றிய பிறகுதான் சூடேறுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் உள்ளே காற்று சிக்கியிருக்கும். ஆறிய என்ஜினில் மெதுவாக ஊற்றி, மூடி இல்லாமல் ஐடிலில் ஓடவிட்டு, தள்ளி நின்று கவனியுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது நிரப்பி மூடுங்கள்.